புகை குடித்த வீடு

தேன்மொழி, கதிர்,

நான் மலையில் இருந்து திரும்புவதற்கு முன்பே நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் கதையைச் சொல்லி முடித்துவிட்டீர்கள் என்று உங்கள் அம்மா சொன்னாள். "எங்கப்பா ஒரு ஊரையே திறந்து வைக்கப் போயிருக்காரு" என்றானாம் கதிர். தேனு இன்னும் ஒரு படி மேலே போய், கல்லில் நம் குடும்பத்துப் பேரைப் பொறிக்கப் போகிறார்கள் என்றாளாம்.

நான் எதையும் திறந்து வைக்கவில்லை. கல்லில் பேரும் இல்லை. எந்தக் கையெழுத்துக்காகப் போனேனோ அதையே போடாமல் திரும்பி வந்திருக்கிறேன். உங்கள் சித்தப்பாமார் மூன்று பேரும் போனில் கோபித்துக்கொண்டார்கள். விளக்கிச் சொல்லப் பார்த்தேன். போனில் பேசினால் எனக்குப் பாதி மறந்துபோகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி உங்களுக்கு எழுதிவிடுகிறேன். எட்டாவது படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் தேனு சுழித்துக் கொடு, திருத்திக்கொள்கிறேன்.

முதலில் வேலப்பன் யார் என்று சொல்ல வேண்டும். அவர் என் தாத்தாவுக்குப் பெரியப்பா. மீனாட்சிபுரத்தில் கிணற்றுத் தண்ணீர் முறை விஷயமாகத் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பியவர். திரும்பி வரவில்லை. நம் வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேரை நம் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் வைத்ததில்லை. ஆனால் அவர் இடுக்கியில், ஏலக்காட்டு நடுவில், மரத்தால் ஒரு வீடு கட்டியிருக்கிறார். வீட்டைச் சுற்றிக் கடைத்தெரு வந்திருக்கிறது. கடைத்தெருவைச் சுற்றி ஊர் வந்திருக்கிறது. ஊருக்கு வேலப்பன்மேடு என்றே பேர் நின்றுவிட்டது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நிலம் இன்னும் அவர் பேரிலேயே இருக்கிறது என்று அந்த ஊர்ப் பஞ்சாயத்து மெம்பர் ஷீபா எனக்குப் போன் செய்தார். வாரிசுகள் நாங்கள் நாலு பேரும் சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், பஞ்சாயத்து அந்த வீட்டை ஏற்றுக்கொண்டு நினைவு இல்லமாக ஆக்கும். சித்தப்பாமார் தபாலிலேயே போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் மூத்தவன். பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. மாடுகளை உங்கள் அம்மா பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை. பஸ் ஆனைக்கரை தாண்டி ஒரு வளைவில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "வண்டிக்குத் தாகம். அது குடிக்கிற வரைக்கும் நீங்களும் போய்ச் சாயா குடிங்க" என்றார். அவர் சொன்னது மலையாளம். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அதனால் இந்தக் கடிதத்தில் எல்லோரையும் தமிழே பேச வைத்துவிடுகிறேன்.

எதிர்க்கடைச் சாயாவில் பாலைத் தேட வேண்டியிருந்தது. பால்காரன் நாக்கு, மறைக்க முடியாது. இந்தப் பக்கம் மாடு அதிகம் இல்லையா என்று கடைக்காரரைக் கேட்டேன். "மாட்டுக்குப் புல் எங்கே இருக்கு? எல்லாம் ஏலம்" என்றார். உண்மைதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் ஏலச்செடி, அதற்கு மேலே நிழல் மரம், மரத்துக்கு மேலே மேகம். நம் வாசலில் நின்றால் பனைமர வரிசைக்கு அப்பால் அடுத்த ஊர் வரைக்கும் தெரியும். இங்கே பக்கத்துக் கடை தெரிவதற்கே பனி விலக வேண்டும்.

வண்டி எவ்வளவு குடித்தும் எழுந்திருக்கவில்லை. அந்த வழியாக ஒரு ஜீப் வந்தது. உள்ளே தோட்டத்து வேலை முடித்து வீடு திரும்பும் பெண்கள், ஒருவர் மேல் ஒருவராக. நான் கையைக் காட்டி, "ஏனுங்க, இந்த ஜீப்பு வேலப்பன்மேட்டுக்குப் போகுங்களா? ஒரு எடம் கெடைக்குங்களா?" என்றேன்.

மஞ்சள் துண்டு கட்டியிருந்த பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "கேட்டியாடி? ஜீப்புக்கே மரியாத குடுக்காரு."

"கோயம்புத்தூரா அண்ணாச்சி?"

"இல்லீங்க, பாலக்காடுங்க. மீனாட்சிபுரம்."

"அப்ப நீங்களும் நம்மள மாதிரி கேரளாக்காரருதான். ஏறுங்க, ஏறுங்க. மடியில மட்டும் எடம் கேக்காதீக."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. வீட்டில் இருந்து கொண்டுவந்த நெய் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு தொடை உள்ளே, ஒரு தொடை வெளியே என்று தொற்றிக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து எந்தக் காலத்திலோ தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள். பேச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது. நடுநடுவே மலையாளம் வந்து விழுகிறது. யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார்கள்.

"வேலப்பன் ஊட்டுக்குங்க."

"லூர்து அக்கா மெஸ்ஸுக்கா?" என்றாள் மஞ்சள் துண்டு. பிறகு என்னை மறுபடி மேலும் கீழும் பார்த்தாள். "கையெழுத்து போட வாறவுக நீங்கதானா?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும் வரை ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது, பொய் சொல்வானேன். முழங்கால் உயரக் கல்தூண்கள் மேல் நிற்கிற மரவீடு. வரிசையாக மூன்று அறை, மேலே தகரம், பலகையெல்லாம் கறுப்பு. ஒரு பக்கம் மொபைல் கடை, மறுபக்கம் பேக்கரி, இரண்டும் கண்ணாடியும் விளக்குமாக இருந்தன. நடுவில் இது, கல்யாணத்துக்கு வயல் துணியோடு வந்து நிற்கிற ஆள் மாதிரி.

ஊரில் இதை ஸ்டோர் வீடு என்கிறார்கள். ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு இங்கே ஸ்டோர் என்று பேர். கீழே தீ, மேலே தட்டில் காய். வேலப்பன் அதற்காகத்தான் கட்டினாராம், பிறகு அதிலேயே குடியிருந்துவிட்டாராம். இப்போது இருப்பவர் லூர்து அக்கா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. ஏலத்தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், கொடுத்திருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும். அப்படிக் காலி செய்த அன்று இங்கே வந்தவர், கிழக்கு அறையில் அடுப்பும் நாலு பெஞ்சுமாக மெஸ் நடத்துகிறார்.

"வாங்க தம்பி. மீனாட்சிபுரத்துக்காரரா?"

"ஆமாங்கக்கா."

"கையெழுத்து போட வந்தவுக."

"பாக்க வந்தனுங்க. கையெழுத்து சனிக்கெழமதானுங்க."

"நீங்க போட்டா நான் எறங்கணும். சொன்னாகளா ஒங்களுக்கு?"

"இல்லீங்க."

"சொல்லிருக்க மாட்டாக. மொதல்ல சாப்புடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல."

சூடான கஞ்சி, சிறுபயறு, அவித்த கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு, சுட்ட கருவாடு, காந்தாரி மிளகாய்த் துவையல். அந்த மிளகாய் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு தொடு தொட்டதற்கே காது அடைத்துவிட்டது. கண்ணைத் துடைத்தபடி சாப்பிட்டேன். "மாட்டுக்கறி திம்பீகளா?" என்று கேட்டார். நான் மாடு வளர்க்கிறவன் என்றேன். "அதான் கேட்டேன். வளக்கவுக எல்லாம் இங்கன திங்கத்தான் செய்யுதாக" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பயறு வைத்தார்.

கை கழுவிவிட்டு நெய் டப்பாவை நீட்டினேன். "ஊட்டு நெய்யுங்க. உங்களுக்குத்தானுங்க."

"எனக்கா? நான் ஒருத்தி இருக்கேன்னே ஒங்களுக்குத் தெரியாதே தம்பி. மெம்பருக்குக் கொண்டாந்ததுதான இது?"

மாட்டிக்கொண்டேன். அது மெம்பருக்குத்தான். அக்கா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, "நல்லாருக்கு. மெம்பருக்குக் கொழுப்பு ஆகாது" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். நான் நடு அறையில் பாய் விரித்துப் படுத்தேன். இந்த அம்மாளை வெளியே அனுப்ப வந்துவிட்டு, இவர் கையால் சாப்பிட்டுவிட்டு, இவர் போர்வையிலேயே படுத்திருக்கிறோமே என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மெம்பர் ஸ்கூட்டரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் பைல், தலையில் ஹெல்மெட். வழியில் மூன்று பேர் நிறுத்தி மூன்று குறை சொன்னார்கள், மூன்றையும் நின்று கேட்டுவிட்டு வந்தார். நல்ல பெண்மணி. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

வாசலில் பதிக்கப் போகிற கல்லின் படத்தை அவர் போனில் காட்டினார். மேலே வேலப்பன் பேர். கடைசி வரியில் நம் குடும்பம், மீனாட்சிபுரம் என்ற ஊர்ப் பேரோடு. எனக்கு அந்தக் கல் மேல் ஆசை வந்துவிட்டது. சண்டை போட்டுப் போன மனிதரும் நாமும் ஒரே கல்லில் சேர்ந்து இருப்போம் என்று நினைத்தேன். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, உடனே உங்களுக்கும் அனுப்பினேன். தேனு கல் கதையைச் சொன்னது அதை வைத்துத்தான். தப்பு என் மேல்.

"லூர்து அக்கா எங்கே போவாங்க?" என்று மெம்பரிடம் கேட்டேன்.

"பஞ்சாயத்து கட்டின வீடு ஒண்ணு அவங்களுக்கு எழுதி வச்சிருக்கு. கான்கிரீட் வீடு, குழாய்த் தண்ணி, கக்கூஸ் உள்ளேயே. இங்கே மழையில் வாளியைத் தூக்கிட்டு வெளியே ஓடறாங்க. நான் அவங்களைத் தெருவில் விடுவேன்னு நினைச்சீங்களா சேட்டா?"

எனக்கு மனசு லேசானது. அப்படியென்றால் கையெழுத்துப் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லையே.

பிறகு மேற்கு அறையைத் திறந்து காட்டினார். போன மழைக்கு முன்பே அதை மட்டும் மாதிரிக்காகச் சரிசெய்து பூட்டி வைத்திருக்கிறார்கள். பலகையில் இருந்த கரியைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, வார்னிஷ் அடித்து, இடுக்கெல்லாம் மக்கு வைத்து அடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வேலப்பனின் அரிவாளும் லாந்தரும் தராசும். மரம் தேன் நிறத்தில் மினுங்கியது. இதைச் செய்தவர்கள் அவர் மேல் மதிப்பு வைத்துத்தான் செய்திருக்கிறார்கள், அது அந்த அறையைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் கதவு திறந்ததும் ஒரு மணம் வந்தது. எனக்கு அந்த மணம் தெரியும். மழை இறங்கிய வைக்கோல் போரைப் பிரித்தால் நடுவில் இருந்து வரும் மணம் அது. மாடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் வைக்கோல்.

மெம்பர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு வயிறு உப்பினால் நான் விலாவில் சுண்டிப் பார்ப்பேன் அல்லவா, அது மாதிரி மூலைத்தூணில் சுண்டினேன். பொத்தென்றது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வார்னிஷ் தோல் உடைந்து, நகம் உள்ளே போய்விட்டது. உள்ளே ஈர ரவை மாதிரி இருந்தது.

மெம்பர் திரும்பினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று அப்போது தெரியவில்லை. அந்தக் கல் ஆசைதான் என்று இப்போது தெரிகிறது.

அவர் போனபிறகு கிழக்கு அறைக்கு வந்தேன். அதே மரம், அதே வயது. தூண்கள் கரி பிடித்து, தொட்டால் கை கறுக்கும். சுண்டினேன். அண்டாவைத் தட்டின மாதிரி கணீரென்றது.

லூர்து அக்கா கப்பை சீவிக்கொண்டே பார்த்திருக்கிறார். "என்ன தம்பி, தூணுக்கு நாடி பாக்கீகளா?"

"இது கல்லாட்ட இருக்குதுங்க. அந்த ரூமுல தூணு உளுத்துப் போச்சுங்க."

"உளுக்கத்தான் செய்யும். இது பொக குடிச்ச மரம். ஒரு புழு வாய் வைக்காது. மேல பாருங்க."

பார்த்தேன். மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே பரண், பட்டையாக இடைவெளி விட்டு அடித்தது. அடுப்புப் புகையும் சூடும் பரணில் ஏறி, நடு அறை வழியாக மேற்கே போய், மோட்டு ஓரத்தில் வெளியேற வேண்டும். ஏலக்காய் காய்வதற்காகக் கட்டிய வீடு, புகை போகிற வழியை வைத்தே கட்டியிருக்கிறார். மேற்கு அறையைச் சுத்தமாக வைப்பதற்காகக் குறுக்கே ஒட்டுப்பலகை அடித்து அந்த வழியை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் மழையும் பனியும் இருக்கிற ஊரில், கதவையும் பூட்டிவிட்டார்கள். ஒரே மழைக்காலம் போதுமாக இருந்திருக்கிறது.

"நீங்க சொல்லலீங்களா அக்கா?"

"யாரு கேட்டா?"

பிறகு அவரே சொன்னார். அவருக்கு முன்னால் அங்கே ஒரு தையல்காரர் இருந்தாராம். மகள் வீட்டோடு போவதென்று முடிவானதும், அக்காவைக் கூப்பிட்டு அடுப்பில் இருந்து கங்கு எடுத்து அக்காவின் சட்டியில் போட்டாராம். "அவ்வளவுதான். அன்னைலருந்து நான் இருக்கேன். அவருக்கு முன்ன ஒரு சாயாக்கடைக்காரரு. அவருக்கும் அப்பிடித்தான். இந்த வீட்டுல இருக்கவுக எறங்குறப்ப நெருப்ப அணைக்கக் கூடாது. அடுத்த ஆளு கையில குடுத்துட்டுத்தான் எறங்கணும். ஒங்க பாட்டன் மொதக்கொண்டு அப்பிடித்தான் வருது."

நம் வீட்டில் பேர்கூடச் சொல்லாத மனிதரின் நெருப்பை, நமக்குச் சொந்தமே இல்லாத ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை கூட்டம் ஊர் வாசகசாலையில். முப்பது பேர் இருப்பார்கள். பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டுங்கள் என்று மெம்பரைக் கேட்டேன். அவர் ஒரு வரியும் விடாமல் நேர்மையாக வாசித்தார். ஆள் ஒழிந்த வீடாக ஒப்படைக்கிறோம் என்று ஒரு வரி. வீட்டுக்குள் தீ மூட்டக் கூடாது என்று ஒரு வரி.

பேனாவை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் எழுந்தேன். பதற்றத்தில் மலையாளம் மறந்து நம் பேச்சே வந்துவிட்டது.

"ஏனுங்க மெம்பர், அந்த ரெண்டு வரியையும் எடுத்துப்போடுங்க. அக்கா இருக்கட்டுங்க. அடுப்பு எரியட்டுங்க. குறுக்கால அடிச்ச பலகையப் பிச்சுப்போடுங்க. அப்பப் போடறனுங்க கையெழுத்து. அந்த ரூமுல தூணு உளுத்துப்போச்சுங்க, என்ற நகம் உள்ள போச்சுங்க."

பென்னி என்று ஒருவர், மேலே ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், பின் பெஞ்சில் இருந்து சத்தமாகச் சொன்னார்: "புகைக்கு ஒரு நினைவு இல்லமா? வர்ற டூரிஸ்ட்டெல்லாம் இருமிக்கிட்டே சுத்திப் பாக்கட்டும்!" வாசகசாலையே சிரித்தது. ஜீப்பில் பார்த்த மஞ்சள் துண்டு மட்டும் திரும்பி, "ஒம்ம ஹோம்ஸ்டேல பூஞ்சக் காளான்தான் பூத்துக் கெடக்கு, சேட்டா" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

மெம்பர் சிரிக்கவில்லை. "நான் பாக்கிறேன்" என்று எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் போனோம். மேற்கு அறையில் என் நகம் போன இடத்துக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து அழுத்தினார். பிறகு அடுத்த தூணில். பிறகு சுவர்ப் பலகையில். நகத்தில் ஒட்டிய மரப்பொடியை உதிர்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தீ கூடாதுங்கிறது நான் வச்ச விதி இல்லை சேட்டா. மேலே கேக்கணும். சரி, கேட்டு வாங்கிட்டேன்னே வைங்க. லூர்து சேச்சிக்குப் பிறகு? யார் எரிப்பாங்க? நீங்க வந்து ஊதுவீங்களா?"

பத்திரம் கையெழுத்து இல்லாமலே பைலுக்குள் போனது.

ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குத் திரும்பினேன். லூர்து அக்கா பாத்திரத்தைக் கவிழ்க்கிற சத்தத்திலேயே தெரிந்தது, கோபமாக இருக்கிறார்.

"என்னய கேட்டீகளா?"

"என்னங்கக்கா?"

"சபையில எந்திச்சு, அக்கா இருக்கட்டும், அடுப்பு எரியட்டும்னுட்டு வந்துருக்கீக. என்னய ஒரு வார்த்த கேட்டீகளா? நெஞ்செல்லாம் பொக தம்பி. அடுப்புகிட்ட போகாதன்னு டாக்டரு சொல்லுதாரு. மெம்பரு குடுக்க வீட்டுல கக்கூஸு உள்ளயே இருக்கு. மழயில நனஞ்சு போக வேண்டாம். எனக்கு ஆச இருக்காதா? நான் என்ன, ஒங்க தூணுக்குப் பொக போட வச்ச ஆளா?"

பிள்ளைகளே, எனக்குத் தலை கவிழ்ந்துவிட்டது. மெம்பர் அவரைக் கேட்காமல் வீடு எழுதி வைத்தார். நான் அவரைக் கேட்காமல் வீட்டில் இருக்க வைத்தேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

"தப்புங்கக்கா. அப்ப என்ன பண்ணட்டுங்க? போய்க் கையெழுத்துப் போட்டரட்டுங்களா?"

அக்கா ஒரு நீண்ட இருமல் இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"போட்டா பூட்டிருவாக. நான் எறங்க மாட்டேன்னு என்னைக்கும் சொன்னதில்ல. எறங்குவேன். ஆனா என் கையால நெருப்ப எடுத்து ஒருத்தரு சட்டியில போட்டுட்டு எறங்குவேன். சாவியக் குடுத்துட்டு எறங்க மாட்டேன். அந்த ஆளு வாரவரைக்கும் நீங்க பேனாவத் தொறக்காதீக. அது போதும் எனக்கு."

"ஆரு வருவாங்கக்கா?"

"வருவாக. லயத்துல எத்தன பேரு ஓய்வாகி எறங்குதாக. அந்த மஞ்சத்துண்டுக்காரிகூட அடுத்த வருசம் எறங்கணும். வாய்தான் நீளம், கை நல்ல கை. நான் கேட்டுப் பாக்கணும். நான்தான் கேக்கணும், நீங்க கேக்கக் கூடாது."

சரிங்க என்றேன். மெம்பருக்கும் போன் செய்து, அக்கா சொன்னதை அக்கா சொன்னபடியே சொன்னேன், என் பங்குக்கு எதையும் சேர்க்காமல். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "சேச்சி என்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே" என்றார். யார் கேட்டா என்று நான் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் மேலே பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் அவரும்தான் என்ன சொல்வார்?

இதுதான் நடந்தது. சித்தப்பாமார் நம் குடும்பத்துப் பேரைக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். நாலாவது கையெழுத்து என் கையில் இருக்கும் வரைக்கும் அந்த அம்மாளுக்கு நேரம் இருக்கிறது. அது அவருக்கு வேண்டியிருக்கிறது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதையை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். கூச்சமாக இருந்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை மெம்பரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினார். "பஸ்ஸுக்குப் போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க, போதும். இதுக்குத் தாழ்ப்பா கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஸ் லீவு. வீட்டில் நான் மட்டும். தெருவில் கோயில் மணிச் சத்தம் கேட்டது.

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அடுப்பில் சாம்பல் மூடியிருந்தது. நம் வீட்டில் கேஸ் அடுப்பு. அதைக்கூட நான் பற்றவைத்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். குனிந்து ஒரு விறகைச் சொருகி, குழலை எடுத்து ஊதினேன். சாம்பல் கண்ணில் அடித்தது. நாலைந்து முறை ஊதிய பிறகு பிடித்தது.

புகை பரணில் ஏறியது. நடு அறைக்கு மேலே ஊர்ந்து போய், குறுக்கே அடித்த பலகையில் முட்டி, திரும்பி என் மேலேயே வந்தது. இருமிக்கொண்டு பார்த்தேன். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். அக்காவின் தேங்காய் உடைக்கிற அரிவாளைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். முதல் ஆணி கத்தியது. இரண்டாவது சத்தமில்லாமல் வந்தது. ஒரு பலகை, ஒரே ஒரு பலகை, என் கையோடு வந்துவிட்டது. புகை கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்த இடுக்கு வழியாக மேற்கே போகத் தொடங்கியது.

பெஞ்சை இருந்த இடத்தில் போட்டேன். அரிவாளைக் கழுவி வைத்தேன். பலகையை விறகோடு விறகாகச் சாய்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.